வேலி தாண்டி வந்த பாட்டு

போன மாதம் இந்தப் பக்கத்தில் குயின் என்ற இங்கிலாந்து ரொக் குழுவைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அது வினையாய்ப் போனது. கடைக்குக் கிட்டார் திருத்தக் கொண்டுவரும் பொடியன் தொடங்கி, மீன் சந்தையில் மறித்துக்கொண்ட பழைய வாத்தியார் வரை எல்லாரும் அதையே கேட்கிறார்கள். வந்த கடிதங்களும் அப்படித்தான். ஆகவே சினிமாப் பாட்டுக் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குயினின் பாடகர் பிரெடி மேர்க்குரி இந்தியரா, ஆபிரிக்கரா, வெள்ளைக்காரரா? இதை வைத்து எனக்கும் அண்ணனுக்கும் வீட்டில் பெரிய சண்டை. சின்ன வயதில் அவர் யாருடைய பாட்டைக் கேட்டு வளர்ந்தார் என்றும் சொல்லுங்க சேர்.
(உயர்தர மாணவி, கல்லடி)

பதில்: மகள், அண்ணன் எந்தப் பக்கம் நின்றார் என்று நீங்கள் எழுதவில்லை. எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு புள்ளி கொடுக்கலாம்.

ஆள் பார்சி. பாரசீகத்திலிருந்து வந்து குஜராத் கரையில் குடியேறிய சனம். வீட்டுப் பெயர் பரூக் புல்சாரா. புல்சார் என்பது குஜராத்தில் ஓர் ஊர், இப்போது வல்சாட் என்கிறார்கள். ஊர்ப் பெயர்தான் குடும்பப் பெயர். தகப்பன் பொமி புல்சாரா, பிரித்தானிய ஆட்சியில் இருந்த சான்சிபார் தீவில் அரசாங்கக் காசாளர். அங்கேதான் 1946 செப்டெம்பர் 5ஆம் திகதி பிள்ளை பிறந்தது. பக்கத்தில் ஆபிரிக்கக் கரை, வீட்டுக்குள் குஜராத்திப் பேச்சு, ஒப்பீஸில் இங்கிலீசு. எங்கள் அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர்மார் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட விளங்கும். என்னுடைய அப்பாவும் கச்சேரியில்தான் வேலை. அதனால் எனக்கு அந்த வீட்டின் மேசை, மைக்கூடு, ஞாயிற்றுக்கிழமை மெளனம் எல்லாம் கண்ணில் தெரிகிறது.

எட்டு வயதில் பிள்ளையைக் கப்பலேற்றிவிட்டார்கள். பம்பாயில் இறங்கி, பூனாவுக்குத் தெற்கே மலை ஏறினால் பஞ்ச்கனி. அங்கே சென் பீற்றர்ஸ் என்று ஆண்பிள்ளைகள் விடுதிப் பள்ளிக்கூடம். வெள்ளைக்காரப் பாணி: கிரிக்கெட், குத்துச்சண்டை, மேசைப்பந்து, கோயில் பாட்டு. 'பிரெடி' என்ற பெயர் அங்கே கூட்டாளிமார் கூப்பிட்டு ஒட்டிக்கொண்டது. இன்னொரு பட்டமும் வைத்தார்கள். மேல்வரிசையில் நாலு பல் கூடுதலாக முளைத்து முன்பற்களை வெளியே தள்ளியிருந்ததால் 'பக்கி'. தமிழில் அந்தச் சத்தத்துக்கு வேறு கருத்து, அதுவும் நல்லதில்லை. பெரிய ஆளாகிக் கையில் காசு வந்த பிறகும் அந்தப் பல்லைப் பிடுங்கவில்லை. குரல் போய்விடும் என்று பயம்.

அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியருக்குப் பிள்ளையின் காது பிடிபட்டது. பியானோவை ஒழுங்காகப் பழக்கலாம், அதற்குக் கட்டணம் கொஞ்சம் கூடும் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினார். மாதச் சம்பளக்காரன் வீட்டுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால் அன்று இரவு என்ன கதை நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஓம் என்றார்கள். பிள்ளை நாலாந்தரம் வரை சோதனை பாஸ்பண்ணியது. 1958இல், பன்னிரண்டு வயதில், ஐந்து பொடியன்கள் சேர்ந்து 'ஹெக்டிக்ஸ்' என்று ஒரு கோஷ்டி தொடங்கினார்கள்.

இனித்தான் விசயம். உலகத்திலேயே பெரிய குரல்களில் ஒன்று என்று சொல்லுகிற இந்த மனுசன் அந்தக் கோஷ்டியில் முன்னுக்கு நின்று பாடவில்லை. பாடினது வேறு பொடியன். இவர் பின்னால் இருந்து பியானோ அடித்தார். ஒரு பாட்டை றேடியோவில் ஒருதரம் கேட்டால் போதுமாம், போய் இருந்து அப்படியே வாசிப்பாராம். கூடப் படித்தவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்து றேடியோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1952 அளவில் இந்திய அரசாங்க வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவடைத்தார்கள், தரம் குறைவு என்று. சனம் விட்டுவிடுமா? ஊசியைத் திருப்பிக் கொழும்பைப் பிடித்தது. யுத்த காலத்தில் நேசப்படைகள் தங்கள் சிப்பாய்களுக்காக வைத்த சிற்றலைக் கருவி ஏக்கலையில் நின்றது, 1949இல் இலங்கை கைக்கு வந்தது. அதன் வீச்சு இமயமலை வரை எட்டியது. ஹிந்திப் பாட்டும் அதிலேதான், இங்கிலீசுப் பொப் பாட்டும் அதிலேதான். 1950களில் இந்தியாவில் மேல்நாட்டுப் பாட்டுக்கு ஏங்கிய பொடியன்களுக்குச் சிலோன் றேடியோ ஒரு பெரிய வாசல். பஞ்ச்கனிப் பிள்ளைக்கு லதா மங்கேஷ்கரும் ஒரு காதால் வந்தார், லிட்டில் ரிச்சார்ட், கிளிஃப் ரிச்சார்ட், ஃபட்ஸ் டொமினோ எல்லாம் மற்றக் காதால் வந்தார்கள். கிளிஃப் ரிச்சார்ட் பிறந்ததே லக்னோவில், 1940இல். எட்டு வயதுக்குள் இந்தியாவை விட்டுப் போன பிள்ளை இங்கிலாந்திலிருந்து பாட, எட்டு வயதில் இந்தியாவுக்கு வந்த பிள்ளை இங்கிருந்து கேட்டது.

அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்: 1963இல் படிப்பு பாதியில், பிரெடி சான்சிபாருக்குத் திரும்பினார். டிசம்பரில் தீவுக்குச் சுதந்திரம், ஜனவரியில் புரட்சி. ஆயிரக்கணக்கில் செத்தார்கள், அரபிகளும் இந்தியர்களும். குடும்பம் கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு 1964இல் லண்டனுக்குப் பக்கத்தில் ஃபெல்தம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைக்கு 17 வயது. மேடை உடுப்பைப் பற்றியும் மீசையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு வரியோடு போய்விடுகிறார்கள். எங்கள் மாவட்டத்தில் ஒரு பெட்டியோடு வந்து சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் படுத்த ஆள் யாரைக் கேட்டாலும் அந்த வரியை நீட்டிச் சொல்லுவார். லீவு நாட்களில் பிரெடி விமான நிலையத்தில் வேலை செய்தார். ஈலிங் கலைக் கல்லூரியில் படம் கீறப் படித்தார். அங்கே கீறியதெல்லாம் அமெரிக்கக் கிட்டார்காரர் ஜிமி ஹென்றிக்ஸின் முகம்.

ஆகவே தீர்ப்பு: பிறந்தது ஆபிரிக்கத் தீவு, காது வளர்ந்தது இந்தியாவில், மேடை கிடைத்தது இங்கிலாந்தில். சண்டையை நிப்பாட்டிவிட்டு இரண்டு பேரும் சாப்பிடப் போங்கள்.

கேள்வி: நீங்க ஊருக்கெல்லாம் சரித்திரம் சொல்றீங்க. உங்கட கதை என்ன? மட்டக்களப்பில் இருந்துகொண்டு இந்த ரொக் பைத்தியம் எப்படிப் பிடிச்சது?
(காத்தான்குடி வாசகர்)

பதில்: வேலியால் பிடித்தது தம்பி.

தாண்டவன்வெளியில் எங்கள் வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பறங்கிக் குடும்பம். அங்கிள் தச்சு வேலை. கிழமை நாட்களில் அந்த வேலியால் சீவுளிச் சத்தம் வரும், ஞாயிறு பின்னேரத்தில் வயலின் சத்தம் வரும். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது பழைய போர்த்துக்கீசம். 400 வருசத்துக்கு முன் கப்பலில் வந்த பாஷை, கப்பல் போன பிறகும் இங்கே தங்கிவிட்டது. கலியாண வீடென்றால் வயலின், மண்டலின், றபான், முக்கோணக் கம்பி என்று சேர்ந்து கபறிஞ்ஞா ஆட்டம் தொடங்கும். ஆறுக்கு எட்டுத் தாளம், ஒரு சுற்றுக்கு ஆறு தட்டு. அந்தத் தாளத்துக்குக் கால் சும்மா இராது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என் காலும் சும்மா இருக்கவில்லை. அப்பா கண்டால் "என்னடா குதிக்கிறாய், படிச்சு முடிச்சிட்டியா?" என்பார்.

இரவில் வேறு சத்தம். காற்றுத் தோதாக இருந்தால் வாவிக்கு மேலால் படுவான்கரைப் பக்கத்து மத்தளம் வரும். வடமோடிக் கூத்து விடிய விடிய நடக்கும், நாங்கள் பாயில் படுத்தபடி அரைவாசி கேட்போம். நோன்பு காலத்தில் உங்கள் ஊர்ப் பக்கம் மாமி வீட்டில் தங்கினால் விடியமுன் எழுப்பிவிடும் சஹர் பாவாவின் றபான். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கில் உடுக்கும் குரவையும். இதையெல்லாம் அப்போது நான் இசை என்று கணக்கில் எடுக்கவில்லை. அது ஊர்ச் சத்தம், அவ்வளவுதான். பின்னர் கிட்டாரைக் கையில் எடுத்தபோது வலதுகை தானாக அடித்தது எது என்று பார்த்தால், ஆறுக்கு எட்டு.

ஒருநாள் அங்கிள் என்னைக் கூட்டிக்கொண்டு தோணியில் கல்லடிப் பாலத்தடிக்குப் போனார். பூரணை. துடுப்பைத் தண்ணிக்குள் நிறுத்தி, மற்ற நுனியைக் காதோடு வைக்கச் சொன்னார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில் யாரோ தடித்த கம்பியை மெல்ல மெல்ல மீட்டுகிற மாதிரி ஒரு முனகல். மீன் பாடுது என்று ஊர் சொல்லும். அங்கிள் வேறு சொன்னார்: "மீன் பாடுறது இருக்கட்டும். மரத்துக்குள்ளால சத்தம் வருது, அதைக் கவனி." இன்றைக்கும் கிட்டார் ஒன்று கடைக்கு வந்தால் நான் முதலில் வாசித்துப் பார்ப்பதில்லை. தலைப்பகுதியில் காதை வைத்து ஒரு கம்பியைத் தட்டுவேன். வாடிக்கையாளர் ஒரு மாதிரிப் பார்ப்பார்.

முதல் ரொக் பாட்டும் அதே வேலியால்தான், அங்கிளின் மூத்த மகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டில். லிட்டில் ரிச்சார்ட். அது பாட்டா, ஆளைக் கொல்லுறாங்களா என்று அம்மா கேட்டார். அந்தப் பாட்டு ஒலிப்பதிவானது 1955இல், நியூ ஓர்லியன்ஸில். நாங்கள் படித்த காலத்தில் மட்டக்களப்பில் இருந்த அமெரிக்க இயேசு சபைப் பாதிரிமாரும் அந்த நியூ ஓர்லியன்ஸ் பக்கத்துக்காரர்களே. பாட்டையும் பாதிரியாரையும் ஒரே ஊர் அனுப்பிவைத்தது என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. தெரிந்திருந்தால் பாவசங்கீர்த்தனத்தில் கொஞ்சம் தைரியமாகப் பேசியிருப்பேன்.

என்னுடைய முதல் கிட்டார் அங்கிளும் நானும் செய்தது. முதுகுப் பலகை, உடைந்த தேயிலைப் பெட்டி. இங்கே ஒரு கூத்தைக் கேளுங்கள்: இங்கிலாந்தில் 1950களில் ஸ்கிஃபிள் என்று ஒரு இசை பரவியது. காசில்லாத பொடியன்கள் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, விளக்குமாற்றுத் தடி நட்டு, ஒற்றைக் கயிறு கட்டித் தாழ்ந்த சத்தத்துப் பேஸ் வாசித்தார்கள். பீற்றில்ஸ் ஜோன் லெனன் தொடங்கிய முதல் கோஷ்டியிலும் அந்தப் பெட்டி இருந்தது. நுவரெலியாப் பக்கத்துத் தேயிலையை ஏற்றிப்போன பெட்டியும் அங்கே பேஸ் ஆகியிருக்கும். கப்பலேறாமல் உடைந்த பெட்டி இங்கே என் கிட்டாருக்கு முதுகானது. 1978 நவம்பர் 23 சூறாவளி இரவில் எங்கள் கூரையோடு அதுவும் போனது. விடிந்து பார்த்தபோது முருங்கை மரம் விழுந்த இடத்தில் கழுத்து மட்டும் கிடந்தது, இரண்டு கம்பியோடு. அந்தக் கழுத்து இன்னும் கடைச் சுவரில் தொங்குகிறது. விலை கேட்காதீர்கள்.

கேள்வி: போன இதழில் ஹென்றிக்ஸ் முதன்முதல் வாசித்தது மின்கிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். பிழை. திருத்துங்கள்.
(திருக்கோவில் வாசகர்)

பதில்: திருத்துகிறேன், மன்னியுங்கள். சியாட்டிலில் 1942இல் பிறந்த அந்தப் பிள்ளை முதலில் வாசித்தது விளக்குமாறு. பிறகு தகப்பனோடு ஒரு வீட்டில் குப்பை அள்ளப் போனபோது கிடைத்த ஒற்றைக் கம்பி உக்குலேலே. றேடியோவில் வரும் பாட்டை அந்த ஒரு கம்பியில் தேடித் தேடிப் பிடித்தாராம். 1958 அளவில் ஐந்து டொலருக்கு ஒரு பழைய மரக் கிட்டார். மின்கிட்டார் அதற்கு அடுத்த வருசம்தான். இடதுகைக்காரர், ஆனால் வலதுகைக் கிட்டார். தலைகீழாகத் திருப்பிக் கம்பியை மாற்றிக் கட்டினார். இதை எழுதும்போது அவசரத்தில் நடுவில் உள்ள மூன்று வருசத்தை விழுங்கிவிட்டேன். நீங்கள் எழுதிய மாதிரி, அந்த மூன்று வருசத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

கேள்வி: என் மகனுக்குப் பதினாலு வயசு. வீட்டில் உள்ள றேடியோ, ஃபேன், மணிக்கூடு எல்லாம் கழட்டிப் போடுகிறான். இப்ப மின்கிட்டார் வேணுமாம். வாங்கிக் கொடுத்தால் படிப்புப் போய்விடும் என்று அவனுடைய உம்மா அழுகிறா. நான் நடுவில்.
(அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாப்பா)

பதில்: தம்பி, பொடியன் கழட்டியதைத் திருப்பிப் பூட்டுகிறானா? அதை நீங்கள் எழுதவில்லை. பூட்டுகிறான் என்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

குயினின் கிட்டார்காரர் பிரையன் மே. 1947இல் பிறந்தவர், பிரெடியின் குடும்பம் வந்திறங்கிய அதே ஃபெல்தம் பகுதிக்காரர். ஒன்றுக்கொன்று நடந்து போகிற தூரத்தில் இரண்டு வீடும் இருந்தன. வருசக்கணக்காக ஒருவருக்கொருவர் தெரியாது. தகப்பன் மின்னணுப் பொறியியலாளர், கையால் வேலை செய்யத் தெரிந்தவர். பொடியனுக்குக் கடையில் தொங்கிய அமெரிக்கக் கிட்டார் மேல் ஆசை, வீட்டில் அவ்வளவு காசில்லை. சரி, செய்வோம் என்று 1963இல் இருவரும் தொடங்கினார்கள். முடிய இரண்டு வருசம் அளவில் பிடித்தது.

இனி நான் ஆறுதலாகச் சொல்லுவேன், ஏனென்றால் என் தொழிலே இது. கழுத்துக்கு மரம் எங்கே எடுத்தார்கள்? ஆரோ கழித்த நூறு வருசத்துக்கு மேல் பழைய குளிர்காயும் அடுப்பின் மேல்சட்டம், மஹோகனி. அதில் புழு தின்ற ஓட்டைகள் இருந்தன, தீக்குச்சியால் அடைத்தார்கள். கம்பியை ஆட்டிச் சத்தத்தை நெளிக்கிற கை இருக்கிறதே, அதற்குச் சுருள்வில் பழைய மோட்டார்சைக்கிள் எஞ்சின் வால்வில் இருந்து. அந்தக் கையின் தண்டு, சைக்கிளில் பை தாங்கும் கம்பி. நுனிக்கு அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு. பிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிப் படி) அடையாளப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான். மொத்தச் செலவு எட்டுப் பவுண். அந்தக் கிட்டாரைத்தான் அவர் பிறகு உலகம் முழுக்கக் கொண்டு திரிந்தார், இன்னும் அதைத்தான் வாசிக்கிறார். கம்பியைத் தட்டுவதற்குப் பிளாஸ்டிக் பிக் கூட இல்லை, பழைய ஆறு பென்ஸ் நாணயம்.

உங்கள் வீட்டம்மாவிடம் வாசித்துக் காட்ட வேண்டிய பகுதி இது. அந்தப் பொடியன் படிப்பை விடவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கினார், வான்வெளித் தூசியைப் பற்றிக் கலாநிதிப் பட்ட ஆய்வும் தொடங்கினார். ஆய்வைப் பாதியில் வைத்துவிட்டுப் பாட்டுக்குப் போனபோது, கிட்டார் செய்து கொடுத்த அதே தகப்பன்தான் மிகவும் மனம் நொந்தவர். ஆய்வைத் திரும்ப எடுத்து முடித்தது 2007இல், அறுபதாவது வயதில். உங்கள் மகன் அவ்வளவு பிந்தமாட்டான் என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

இப்போது காசு விசயம். முதலில் மின்கிட்டார் வேண்டாம். அதோடு சத்தப் பெட்டி, வயர் என்று செலவு நீளும். பழைய மரக் கிட்டார் ஒன்று பாருங்கள். வாங்கும்போது கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு துவக்குப் பார்க்கிற மாதிரி நீளவாட்டில் பாருங்கள், வளைவு தெரிந்தால் வேண்டாம். பன்னிரண்டாவது பிரெட்டில் கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டும். விரல் நுழைகிறது என்றால் அது கிட்டார் இல்லை, தண்டனை. பாதிப் பிள்ளைகள் வாசிப்பை விடுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை, கம்பி உயரம். நீங்கள் கடற்கரை ஊர், உப்புக்காற்று. வாசித்து முடியப் பழைய சாரன் துண்டால் கம்பியைத் துடைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் கறள்.

கிட்டாரைக் கழட்டினால்? விடுங்கள். திருப்பிப் பூட்ட முடியாவிட்டால் பஸ்ஸில் போட்டு அனுப்புங்கள், கிட்டாரோடு பொடியனையும் சேர்த்து.

கேள்வி: மகளைக் கூத்துப் பழக விடுவதா, கிட்டார் வகுப்புக்கு அனுப்புவதா?
(கொக்கட்டிச்சோலை)

பதில்: பக்கத்தில் அண்ணாவியார் இருக்கும்போது என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? கூத்து. தாளம் காலில் ஏறட்டும். கிட்டார் எங்கேயும் ஓடிவிடாது.

கேள்வி: அடுத்த வீட்டுப் பொடியன் பின்னேரம் நாலு மணிக்கு ட்ரம்ஸ் தொடங்கினால் விளக்கு வைக்கும் வரை நிற்பதில்லை. எங்களுக்குத் தலைவலி. நீங்கள் இந்தப் பொடியன்களுக்கு உசுப்பேத்துகிறீர்கள்.
(ஆரையம்பதி)

பதில்: ஓம், ஏத்துகிறேன். ஆனாலும் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. ட்ரம்ஸுக்கு மேலே பழைய துவாய் விரித்தால் சத்தம் பாதியாகும். தாய் தகப்பனிடம் சண்டைக்குப் போகாமல் ஒரு துவாயோடு போங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. இங்கிலாந்தில் பேர்மிங்ஹாமில் ஒரு பொடியன் ட்ரம்ஸ் கேட்டு அடம்பிடித்தான். சத்தம் தாங்காது என்று வீட்டில் அக்கோர்டியன் வாங்கிக் கொடுத்தார்கள். அவன் கொஞ்ச நாள் அதை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிட்டாருக்கு மாறினான், பிறகு உலகத்திலேயே ஆகப் பெரிய சத்தம் போடுகிற கோஷ்டிகளில் ஒன்றைத் தொடங்கினான். ஆகவே துவாய்தான் நல்லது. அந்தப் பொடியன் யார் என்று கீழே இருக்கிறது.

கேள்வி: ஐயா, எனக்கு 34 வயது. கோயில் பாடகர் குழுவில் பத்து வருசம் கிட்டார் வாசித்தேன். போன வருசம் அரிசி ஆலை பெல்ட்டில் இடதுகை மாட்டி, நடுவிரலும் மோதிர விரலும் நுனிக் கணுவோடு போய்விட்டன. கிட்டாரை விற்றுவிடச் சொல்கிறார்கள். உங்கள் கடையில் எடுப்பீர்களா, என்ன விலை வரும்?
(கிரான்)

பதில்: விலை பிறகு பேசுவோம்.

மேலே சொன்ன அக்கோர்டியன் பொடியன் ரொனி அயோமி. 'பிளக் சபத்' குழுவின் கிட்டார்காரர். 1965இல் அவருக்கு 17 வயது. தகரம் வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. ஒரு கோஷ்டியோடு வெளிநாடு போக இடம் கிடைத்துவிட்டது, அன்றைக்குத்தான் வேலையில் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனிப் போகவில்லை என்றார். தொடங்கின நாளை முடித்துவிட்டு வா என்று தாய் அனுப்பினார். பின்னேரம் மெஷினில் கை போனது. நடுவிரல், மோதிர விரல், நுனி இரண்டும். உங்களுக்குப் போன அதே இரண்டு விரல். அவர் இடதுகைக்காரர் என்பதால் அவருக்கு வலதுகை. ஆனால் கம்பியை அழுத்துகிற கை என்பது ஒன்றுதான்.

வைத்தியர்கள் கிட்டாரை மறந்துவிடு என்றார்கள். தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து, இதைக் கேள் என்றார். எரிச்சலோடு கேட்டார், நன்றாய்த்தான் இருந்தது. வாசிப்பது யார் தெரியுமா, ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் வண்டில் வீடு தீப்பிடித்து இடதுகையில் இரண்டு விரல் மடங்கிப்போனவர். நீ கேட்டது இரண்டு விரல் வாசிப்பு என்று மேலாளர் பிறகுதான் சொன்னார்.

அயோமி பாத்திரம் கழுவுகிற சவர்க்காரப் போத்தலை உருக்கினார். பந்தாக உருட்டி, சூட்டுக்கோலால் விரல் நுழையத் துளைத்து, மணற்கடதாசியால் நாள்கணக்காகத் தேய்த்து, இரண்டு விரல்தொப்பி செய்தார். பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியது. பழைய தோல் ஜக்கெற்றில் துண்டு வெட்டி மேலே ஒட்டினார், பிடித்தது. அடுத்த தொல்லை, தொப்பிக்குள் இருக்கும் விரலுக்குக் கம்பி எவ்வளவு இறுக்கம் என்று தெரியாது. தடித்த கம்பி நோவு கொடுத்தது. மெல்லிசுக் கிட்டார்க் கம்பி அப்போது கடையில் இல்லை, பாஞ்சோக் கம்பியைப் போட்டார். அதுவும் போதாமல் பின்னர் சுருதியையே மூன்று பிரெட் அளவு இறக்கிக் கம்பியைத் தளர்த்தினார். அந்தத் தளர்ந்த கம்பியின் இருட்டான சத்தத்தைத்தான் இன்றைக்குப் பொடியன்கள் 'ஹெவி மெற்றல்' என்று முதுகில் எழுதிக்கொண்டு திரிகிறார்கள். இரண்டு விரல்நுனி நோகாமல் இருக்க ஒருத்தர் செய்த ஏற்பாடு அது.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கிட்டாரைத் திருப்பிக் கம்பியை மாற்றிக் கட்டி வலதுகையால் அழுத்தப் பழகுவது. 34 வயதில் அது எழுதும் கையை மாற்றுவது போல, இரண்டு வருசமாவது எடுக்கும். மற்றது தொப்பி. கணுவுக்கு மேல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, தோல் ஆறிவிட்டதா, தொட்டால் நோகிறதா என்று பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். ஆறாத காயத்தின் மேல் எதையும் மாட்டக்கூடாது. வைத்தியரிடம் ஒருதரம் காட்டிவிட்டு வாருங்கள்.

வியாழக்கிழமை பின்னேரம் கடையில் சனம் குறைவு. கிட்டாரையும் கொண்டு வாங்க, கம்பியைக் கழட்ட வேண்டாம். மெல்லிசுக் கம்பி என்னிடம் இருக்கு. தோலுக்கு அங்கிளின் பழைய தச்சு ஆயுதப் பை ஒன்று கிடக்கு, ஓரம் இன்னும் நல்ல மெதுவாய் இருக்கு. விரலை அளவெடுக்க அரை மணித்தியாலம் போதும்.